பரிசில் வேண்டாம் பேகா, வீட்டுக்குப் போ

பழனி என்றால் நமக்குக் காவடி, பஞ்சாமிர்தம், மொட்டைத் தலைகள். கொடைக்கானல் என்றால் ஏரி, படகு, குளிர். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எழுந்து நிற்கிற மலைத்தொடருக்குச் சொந்தமாக ஒரு பழைய காதல் பாட்டு இருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஐந்து பாட்டு. ஆனால் ஐந்தும் ஒரே பெண்ணின் கண்ணீரைப் பற்றியவை, ஒரே ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்னவை. அதனால் நான் அவற்றை ஒரே பாட்டாகத்தான் படித்து வருகிறேன். புறநானூற்றில் 143 முதல் 147 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. பாடியவர்கள் நான்கு பேர்: கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். பரணர் மட்டும் இரண்டு பாடியிருக்கிறார்.

அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவன்தான். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் நிறுத்துவது பேகனை. அவன் ஆவியர் குடி. அகநானூற்றின் முதல் பாட்டில் மாமூலனார் பொதினி என்று சொல்வது அந்தக் குடியின் ஊரை, அதாவது இன்றைய பழனியை. மலையடிவாரத்தில் இருக்கிற திருவாவினன்குடிக் கோயிலின் பெயரில் அந்தக் குடி இன்னும் இருக்கிறது.

அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள் என்பதைத்தான் நமக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணகி என்று பெயர். பாட்டுகளுக்குள் அந்தப் பெயர் வராது. பாட்டின் கீழே தொகுத்தவர்கள் எழுதிவைத்த குறிப்பில் மட்டும் வரும். பேகன் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியின் ஊரே கதியென்று கிடந்தான். அதைக் கேள்விப்பட்டு, இல்லை, கண்ணால் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தின் பெரும் புலவர்கள் நான்கு பேர் அவன் முன்னால் போய் நின்றார்கள்.

கபிலரின் பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது மலையில் தொடங்குகிறது. மழை வேண்டும் என்று குறவர்கள் தெய்வத்துக்குப் பலி தூவுகிறார்கள். மழை வருகிறது. வந்தது நிற்க மாட்டேன் என்கிறது. போதும் சாமி, மேகம் மேலே போகட்டும் என்று மறுபடியும் அதே தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். மழை விடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் சரிவுப் புனத்தில் விளைந்த தினையைச் சாப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட நாட்டுக்குச் சொந்தக்காரனே, பேகனே என்று கூப்பிடுகிறார் கபிலர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொடைக்கானல் மேல்மலைதான் கண்முன் வரும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் அடுக்கடுக்காக வெட்டிய சரிவில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்களுக்கு இந்த இரட்டை வேண்டுதலை யாரும் விளக்க வேண்டாம். பருவமழை பொய்த்தால் விதைத்தது முளைக்காது. ஐப்பசியில் விடாமல் பெய்தால் முளைத்தது மண்ணுக்குள்ளேயே அழுகும். மழையைக் கூப்பிடவும் தெரிய வேண்டும், போதும் என்று சொல்லவும் தெரிய வேண்டும். மலையில் இருக்கிறவர்களின் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாகச் சொன்ன பாட்டு வேறொன்றை நான் படித்ததில்லை. உன் குடிகள் கேட்டால் வானமே இறங்கி வருகிறது, விலகிப் போகிறது. நீ மட்டும் அசைய மாட்டேன் என்கிறாயே என்று கபிலர் சொல்லாமல் சொல்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி வருகிறது. பாவம், அந்தப் பெண் யார்?

நேற்று நடந்ததைச் சொல்கிறார். காட்டுவழி நடந்து களைத்துப்போன சுற்றத்துக்குப் பசி. முரசு அடித்ததுபோல அருவி இரைகிற மலையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு வீட்டு வாசலில் போய் நின்று வாழ்த்தினோம். உன்னையும் உன் மலையையும் பாடினோம். உள்ளேயிருந்த பெண்ணுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மார்பு நனைய விம்மினாள். குழல் ஏங்குவதுபோல அழுதாள். இவ்வளவுதான். இத்தோடு பாட்டை நிறுத்திவிடுகிறார். அவளிடம் போ என்றோ, நீ செய்தது தப்பு என்றோ ஒரு சொல் கிடையாது. அவள் யாரென்று கபிலருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே கேட்கிறார். பதிலைப் பேகன் வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்.

இந்தப் பாட்டின் பிறப்பு இப்படித்தான். அந்த வாசலில் அவர்கள் பாடியது வழிநடைப் பசிக்குச் சோறு கேட்கிற புகழ்ப்பாட்டு. தலைவனையும் அவன் மலையையும் புகழ்ந்து பாடுவது பாணர்களின் அன்றாடப் பிழைப்பு. நூறு வாசலில் பாடியிருப்பார்கள். அன்றைக்கு அந்த வாசலுக்குள் இருந்தவள் அந்த மலைக்காரனின் மனைவி. அவன் பெயரும் அவன் மலையின் பெயரும் காதில் விழுந்ததும் அவளுக்கு அது காதல் பாட்டாகிவிட்டது. பாடியவர்கள் எண்ணியும் பார்த்திராத ஒன்றை, கேட்டவள் அதற்குள் கேட்டாள். அந்த நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு மறுநாள் கபிலர் கட்டிய பாட்டு நம் கையில் இருக்கிறது.

பரணர் இதே காட்சியை இன்னும் நெருங்கிப் போய்ப் பார்க்கிறார். அவருடைய முதல் பாட்டு, 144, எடுத்த எடுப்பிலேயே பேகனைக் கண்டிக்கிறது: நீ அருள் காட்டாமல் இருப்பது கொடுமை. இருட்டுகிற நேரம். சிறிய யாழில் செவ்வழிப் பண்ணை மீட்டி, மழையை எதிர்பார்த்து நிற்கிற உன் காட்டைப் பாடினோம். நெய்தல் பூப்போன்ற மைதீட்டிய கண் கலங்கி, ஒரு பெண் நகையெல்லாம் நனைய அழுதாள். நாங்கள் அவளைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டோம்: அம்மா, எங்களுக்கு வேண்டியவனான பேகனுக்கு நீ உறவா?

இங்கேதான் அவள் பேசுகிறாள். ஐந்து பாட்டிலும் அவள் வாய் திறக்கிற ஒரே இடம். காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் அவனுக்கு உறவு இல்லை என்கிறாள். கேளுங்கள், எங்களைப் போலவே ஒருத்தியின் அழகில் மயங்கி, முல்லை வேலி போட்ட நல்ல ஊருக்குத் தேர் அதிர அதிர நித்தமும் அந்தப் பேகன் வருகிறானாம் என்கிறாள்.

உறவு இல்லை என்று அவள் சொல்கிற அந்தச் சொல்லில் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அழுகைக்கு நடுவே வருகிற சொல் அது. கண்ணீரைத் துடைத்துவிட்டுச் சொல்கிறாள் என்று பரணர் குறித்திருப்பதைக் கவனியுங்கள். வாசலுக்கு வந்த பாணனிடம் கணவனைப் பற்றி முறையிட அவளுக்கு மனம் இல்லை. ஊர் பேசுவதை ஊரின் குரலிலேயே எடுத்துச் சொல்கிறாள்: வருகிறானாம். அந்த இன்னொரு பெண்ணையும் அவள் திட்டவில்லை. எங்களைப் போல ஒருத்தி என்கிறாள். ஐந்து பாட்டையும் சலித்துப் பார்த்தாலும் அந்த இன்னொருத்தி மேல் ஒரு வசைச்சொல் கிடைக்காது. புலவர்களுக்கும் குற்றவாளி யார் என்பதில் குழப்பமே இல்லை.

செவ்வழி என்ற பண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்க இலக்கியத்தில் மருதம் காலையில் பாடுவது, செவ்வழி மாலையில் பாடுவது. இது எவ்வளவு உறுதியான வழக்கம் என்பதற்கு இந்த ஐந்துக்கும் இரண்டு பாட்டுத் தள்ளி, 149இல் ஒரு சாட்சி இருக்கிறது. நள்ளி என்ற இன்னொரு வள்ளலை வன்பரணர் என்ற புலவர் பாடுகிறார்: நீ கொடுத்த செல்வத்தில் எங்கள் பாணர்கள் மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் வாசிக்கிற அளவுக்கு முறையை மறந்துவிட்டார்கள் என்று. அப்படியானால் செவ்வழி கேட்டது என்றாலே பொழுது சாய்ந்துவிட்டது என்று பொருள். பிரிந்திருப்பவர்களுக்கு மாலைதான் பொறுக்க முடியாத நேரம் என்பது நம் அகப்பாட்டுகள் எல்லாம் ஒத்துக்கொண்ட விஷயம். மாலை, மழைக்குக் காத்திருக்கிற காடு, செவ்வழி, அதற்குள் கணவனின் பெயர். அவள் அழாமல் என்ன செய்வாள்? பேகனைப் பாடிய ஐந்தில் மூன்று பாட்டில் சிறிய யாழும் செவ்வழியும் சேர்ந்தே வருகின்றன. தேவாரத்திலும் செவ்வழி என்ற பண் இருக்கிறது, ஓதுவார்கள் அதை யதுகுலகாம்போதியில் பாடுகிறார்கள். சங்கச் செவ்வழியும் அதுவும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு மாலையில் யதுகுலகாம்போதியைக் கேட்டுப் பாருங்கள். பரணர் எந்தத் திசையைக் காட்டுகிறார் என்பது காதுக்குத் தெரியும்.

இனி மயிலுக்கு வருவோம். பரணரின் இரண்டாவது பாட்டில், 145இல், அந்த மயில் வருகிறது. குளிரில் நடுங்குமே என்று மயிலுக்கு இரங்கிப் போர்வை கொடுத்த பேகனே என்று விளிக்கிறார். வெறும் பாராட்டாக இதைப் படித்துவிட்டுப் போக முடியாது. மயிலுக்கே இரங்கத் தெரிந்தவனுக்கு வீட்டில் நடுங்குகிறவள் ஏன் தெரியவில்லை என்கிற கேள்வி அந்த விளிக்குள்ளேயே இருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஆண்மயில் தோகை விரித்து நிற்கும்போது உண்மையாகவே நடுங்கும். தோகையை நொடிக்கு 25 முறை அளவில் அதிர வைக்கும். பக்கத்தில் நின்றால் சலசலவென்று சத்தம் கேட்கும். பழனி அடிவாரத்துத் தோட்டங்களில் மழைக்கு முன்னால் இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவ்வளவு மயில்கள் அங்கே. பேகன் கண்ணில் பட்டது பொய்யில்லை, மயில் நடுங்கத்தான் நடுங்கியது. ஆனால் அது குளிர் நடுக்கம் இல்லை, பெட்டையைக் கூப்பிடுகிற நடுக்கம். இணைக்காக ஏங்கி ஆடிக்கொண்டிருந்த உயிருக்கு அவன் போர்வை போர்த்தினான். அதே ஏக்கத்தோடு ஒருத்தி அவனுக்காகக் காத்திருந்தாள். புலவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் பாடினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். மலையில் நடந்து திரிந்த மனிதர்களுக்கு மயில் எதற்கு ஆடும் என்று தெரியாமலா இருந்திருக்கும் என்று மட்டும் கேட்பேன். அரிசில் கிழார் 146இல் கண்ணகியின் கூந்தலுக்கு உவமை தேடும்போது சரியாகப் போய் மயில் தோகையைத்தான் எடுத்து வைக்கிறார். மற்ற யாருக்காவது பாடியிருந்தால் அது பழகிய உவமை. பேகனிடம் சொல்லும்போது அது குத்தும்.

145இல் பரணர் கேட்பதுதான் இந்த ஐந்து பாட்டின் உயிர். நாங்கள் பசித்து வரவில்லை, எங்களைச் சார்ந்து பிழைக்கிற சுற்றத்தின் சுமையும் எங்களுக்கு இல்லை என்கிறார். களாப்பழம்போல் கறுத்த தண்டுடைய யாழை மீட்டி நாங்கள் இரக்கும் பரிசில் ஒன்றே ஒன்று. இன்று இரவே மணிகள் ஒலிக்கும் தேரில் ஏறிப் போய், துன்பத்தில் கிடப்பவளின் துயரத்தைத் தீர். அரிசில் கிழார் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: உன் நகையும் பொருளும் அப்படியே இருக்கட்டும், எங்களுக்கு வேண்டாம், எனக்குப் பரிசு கொடுக்க ஆசையிருந்தால் குதிரையைத் தேரில் பூட்டு, அவள் கூந்தல் அகில்புகை காணட்டும், மாலை சூடட்டும். பெருங்குன்றூர் கிழார் 147இல், அருவி விழும் மலைகள் பலவற்றைக் கடந்து வந்தோம் என்று தொடங்கி, எண்ணெய் மறந்த அவள் கூந்தல் கழுவிய மணிபோல் மாசு நீங்கிப் புதுப்பூச் சூட, இன்றே நீ புறப்பட்டால் அதுதான் எங்கள் பரிசில் என்று முடிக்கிறார்.

பரிசில் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு பேருமே பதிற்றுப்பத்தில் சேர மன்னர்களைப் பாடியவர்கள். பதிற்றுப்பத்தின் பதிகங்கள் அவர்கள் பெற்ற பரிசிலையும் பதிந்து வைத்திருக்கின்றன. செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலருக்கு காணம் என்ற பொற்காசு 1,00,000உம், ஒரு குன்றின் மேல் ஏறி நின்று கண்ணுக்கு எட்டிய நிலமும் கொடுத்தான். செங்குட்டுவன் பரணருக்கு உம்பற்காடு என்ற பகுதியின் வருவாயைக் கொடுத்தான். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை தேவியோடு அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உமக்கு என்று 9,00,000 காணத்தோடு அரியணையையும் அரிசில் கிழாருக்குக் கொடுத்தான். அவர் அரியணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சராக இருந்தார். பெருங்குன்றூர் கிழாருக்கு இளஞ்சேரல் இரும்பொறை கொடுத்தது 32,000 காணம். பரிசில் வாங்கி வாழ்ந்தவர்கள்தான் இவர்கள், அதில் அவர்களுக்கு வெட்கமும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கொடைக்குப் பெயர்போன ஒருவனிடம் போய், உன் கொடை எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். வள்ளல் என்று பெயர் எடுத்தவனுக்கு அதைவிடப் பெரிய நெருக்கடி கிடையாது. கேட்டதைக் கொடுப்பவன் என்பதுதானே அவன் புகழ்? சரி, நாங்கள் கேட்பது இதுதான், கொடு.

இந்தப் பாட்டுகள் ஏன் அகநானூற்றில் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். காதல், பிரிவு, மாலை, கண்ணீர் எல்லாம் இருக்கிறதே. தொல்காப்பியம் வகுத்த முறைப்படி அகத்திணையில் ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது. பெயர் வந்துவிட்டால் பாட்டு புறம். பேகன் என்ற பெயர் இருப்பதால் போர்ப்பாட்டுகளும் கையறுநிலைப் பாட்டுகளும் இருக்கிற தொகைக்குள் இவை வந்து சேர்ந்தன. தொகுத்தவர்கள் பெருந்திணை, குறுங்கலி என்று திணை துறை எழுதி வைத்தார்கள். எனக்கு இது நல்லதாகவே படுகிறது. அகத்தில் போயிருந்தால் கண்ணகி பெயரில்லாத தலைவிகளில் ஒருத்தியாகக் கரைந்திருப்பாள். பெயரோடும் ஊரோடும் ஒரு மனிதன் பொறுப்பேற்க வேண்டிய துயரமாக அது நிற்பது புறத்தில் இருப்பதால்தான்.

கண்ணகி என்றதும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கேயும் கணவன் இன்னொருத்தியிடம் போகிறான், மனைவி வீட்டில் பூவும் பொட்டும் துறந்து இருக்கிறாள். இரண்டு பேரையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. ஊர் வேறு, குடி வேறு, கதையின் போக்கும் வேறு. அதனால் அப்படி ஒருவராக்குவதை நான் ஏற்கவில்லை. பெயரும் நிலையும் ஒத்துப்போவது மட்டும் மனசைத் தொந்தரவு செய்யும். பழனி மலைக் கண்ணகிக்குச் சிலம்பு கிடையாது, மதுரை கிடையாது. அவளுக்கு நான்கு புலவர்கள் கிடைத்தார்கள்.

பேகனின் நாடு வெறும் பாட்டில் இருந்த நாடு இல்லை. பழனிக்குத் தென்மேற்கே, மலையின் காலடியில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஈமக்குழியில் ஒரு பானை நிறைய நெல், ஆயிரக்கணக்கில் மணிகள், தமிழ் எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி எல்லாம் கிடைத்தன. அந்த நெல்லைச் சோதித்தபோது கி.மு. 490 என்று காலம் வந்தது. மேலே, மலையின் நடுவில் இருக்கிற தாண்டிக்குடியிலும் அவர் தோண்டியிருக்கிறார். கொடைக்கானலைச் சுற்றியுள்ள கல்திட்டைகளைப் பற்றிச் செண்பகனூர்ப் பாதிரியார்கள் ஆங்லேடும் நியூட்டனும் எழுதிய ஆய்வைத் தொல்லியல் துறை 1928இலேயே வெளியிட்டது. மலையில் மக்கள் குடியிருந்தார்கள், மலைவழியே வணிகம் நடந்தது, கழுத்தில் போட மணி இருந்தது, உலையில் போட நெல் இருந்தது. கண்ணகியின் நகை நனைந்தது என்று பரணர் சொல்லும்போது அந்த நகையின் மணியைப் போன்றவற்றை இன்று நாம் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது.

அழுகை குழல்போல இருந்தது என்று கபிலர் சொன்னதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது வெகுதூரத்தில் இருக்கிற இன்னொரு மலைப்பாட்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் யாரவி என்று ஒரு பாட்டு வகை உண்டு. கெச்சுவா மொழி பேசும் மலைமக்களின் அராவி என்ற பழைய பாட்டில் இருந்து, ஸ்பானியர்கள் கொண்டுவந்த கிதாரும் சேர்ந்து வளர்ந்தது. பாடுபொருள் பெரும்பாலும் பிரிவு. கேனா என்ற குழலில் வாசித்தால் மனிதர் விம்முவது போலவே இருக்கும். பெருவின் அரெக்கிப்பா நகரில் 1790இல் பிறந்த மரியானோ மெல்கர் என்ற கவிஞர் தன் காதலியைச் சில்வியா என்று பெயர் வைத்து யாரவிகள் எழுதினார். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியில் சேர்ந்து, 1815இல் உமாசிரி என்ற இடத்தில் பிடிபட்டு, 24 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பாட்டுகள் அரெக்கிப்பாவில் இன்றும் பாடப்படுகின்றன. நீங்கள் யாரவி கேட்டதில்லை என்று நினைத்தாலும் அதன் சாயலைக் கேட்டிருப்பீர்கள். 1913இல் டேனியல் அலோமியா ரோப்லஸ் அமைத்த 'எல் கோண்டோர் பாசா' மெட்டின் நிதானமான தொடக்கம் யாரவி நடையில் வருவதுதான். 1970இல் சைமனும் கார்ஃபங்கலும் அதை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தார்கள்.

யாரவியையும் பேகன் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒன்று தெரிகிறது. மெல்கர் பாடியது தன் காதலை, தன் வலியை. உலகத்தின் பெரும்பாலான காதல் பாட்டுகள் அப்படித்தான். பழனி மலையின் பாட்டில் பாடுகிறவர்களுக்கு அந்தக் காதலில் பங்கு இல்லை. அவள் அவர்களுக்கு உறவு இல்லை, அவளிடமிருந்து எதுவும் கிடைக்கப்போவதும் இல்லை. வழியில் பார்த்த ஒரு பெண்ணின் அழுகையை மறக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, அதற்குக் காரணமானவன் முன்னால் இறக்கி வைத்தார்கள். கபிலர், பெருங்குன்றூர் கிழார் இருவருமே நேற்று என்றுதான் அதைச் சொல்கிறார்கள். பரணர் இன்று இரவே போ என்கிறார். பெருங்குன்றூர் கிழாரும் இன்றே என்கிறார். நாளைக்கு என்று ஒருவரும் அவனுக்குத் தவணை கொடுக்கவில்லை. ஈராயிரம் ஆண்டு கழித்துப் படிக்கிறபோதும் அவள் அழுதது நேற்றாகவும் அவன் கிளம்ப வேண்டியது இன்றாகவும் இருப்பது அதனால்தான். இந்தப் பாட்டு பழசாகாமல் இருப்பதற்கு என்னிடம் இருக்கிற முதல் காரணம் இது.

இன்னொரு காரணம் கொஞ்சம் சிக்கலானது. இன்றைக்கு ஒரு பெண் இதைப் படித்தால், அவன் திரும்பி வரத்தான் வேண்டுமா, அவள் ஏன் அவனுக்காகக் கூந்தலில் எண்ணெய் வைக்காமல் காத்திருக்க வேண்டும் என்று கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பாட்டுக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. அவள் சொன்னது உறவு இல்லை என்பது. அவனை அழைத்து வாருங்கள் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டவர்கள் புலவர்கள். பேகன் போனானா என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. போயிருந்தால் அவள் கதவைத் திறந்தாளா என்பதையும் பாட்டு நம்மிடமே விட்டிருக்கிறது. முடிவு எழுதப்படாததால் ஒவ்வொரு காலமும் தன் மனசாட்சியோடு இதைப் படிக்க முடிகிறது.

இந்தப் பாட்டுகள் ஓலையில் இருந்து அச்சுக்கு வந்தது 1894இல், உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பில். பழைய உரை ஒன்று 266ஆம் பாட்டு வரை கிடைத்திருப்பதால் இந்த ஐந்துக்கும் உரை உண்டு. ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் விரிவான உரை இருக்கிறது. ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் செய்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1999இல் வந்தது. ஆக, படிப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகாத சுற்றுலாப் பயணி இருக்க மாட்டார். இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி ஆன ஐரோப்பிய வம்சத்துப் பெண் 1936இல் கட்டிய கோயில் அது. மேகம் இல்லாத நாளில் அதன் பின்புறம் நின்றால் கீழே பழனி தெரியும். குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். பூவைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறோம். அந்தப் பெயர் கொண்ட திணையில் கபிலரைப்போல் பாடியவர் இல்லை; அந்தக் கபிலர் இந்த மலையின் ஒரு வாசலில் நின்று பாடியதை ஒரு பலகையில்கூட நான் இங்கே பார்த்ததில்லை. பழனியிலிருந்து சவரிக்காடு, பெருமாள்மலை வழியாக ஏறுகிற சாலையில் எங்காவது ஓரிடத்தில் அந்த ஐந்து பாட்டையும் உரையோடு கல்லில் வெட்டி வைக்கலாம். மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வள்ளல் என்று புகழப்பட்டவனையும் நேருக்கு நேர் தட்டிக் கேட்ட தமிழ் அது.

இசையமைப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ராஜன் சோமசுந்தரம் சங்கப் பாட்டுகளுக்கு மெட்டமைத்து 2020இல் 'சந்தம்' என்ற தொகுப்பை வெளியிட்டார். டர்ஹாம் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. இரண்டாயிரம் வருஷத்துச் சொற்கள் இன்றைய காதுக்குள் நேராகப் போகும் என்று அது காட்டிவிட்டது. 144ஐ யாராவது எடுங்கள். யாழ் இருக்கிறது, மாலை இருக்கிறது, ஒரு கேள்வி இருக்கிறது, அவள் பதில் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையுமே பரணர் கொடுத்துவிட்டார்.

நீங்கள் அடுத்த முறை மலை ஏறுவதற்கு முன் புறநானூறு 143 முதல் 147 வரை படித்துவிட்டு ஏறுங்கள். ஐந்தும் சேர்ந்து அறுபது அடி அளவுதான். மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் தடவை உரையோடு படியுங்கள், இரண்டாவது தடவை உரையை மூடிவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது, கண்ணகி கதவைத் திறந்திருப்பாளா என்று எனக்கு எழுதுங்கள்.